மனைவி சிட்டிசன், நான் ஜே-1 வேவரில்: மூன்று வருடம் முடியும் முன் கிரீன் கார்டு போடலாமா?

கேள்வி, 2021 நவம்பர் 14

நான் டாக்டர். ஓஹையோவில் இன்டர்னல் மெடிசின் ரெசிடென்சி (மேற்பயிற்சி) கடைசி வருடம், பயிற்சிக்கு வருபவர்களுக்கான ஜே-1 விசா. ஊர் சேலம். மனைவி இங்கேயே பிறந்தவர், அமெரிக்க சிட்டிசன். கன்சாஸில் ஒரு சிறு ஊர் ஆஸ்பத்திரியில் கான்ராட் வேவர் வேலை (பயிற்சி முடிந்ததும் ஊர் திரும்ப வேண்டும் என்ற விதியிலிருந்து விலக்கு தரும் வேலை) கிடைத்து மூன்று வருட ஒப்பந்தமும் போட்டாயிற்று, 2022 ஜூலையில் சேர வேண்டும். ஒரு வக்கீல் சொல்கிறார்: "மனைவி சிட்டிசன் என்பதால் வேவர் கையில் வந்த அன்றே ஐ-130 (மனைவி போடும் மனு), ஐ-485 (கிரீன் கார்டு விண்ணப்பம்) இரண்டையும் சேர்த்துப் போடலாம், கிரீன் கார்டு வந்துவிட்டால் ஒப்பந்தம் உங்களைக் கட்டாது." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நம்பலாமா? இந்த வழியில் போனவர்கள் சொல்லுங்கள்.

2021 நவம்பர் 14, இரவு

நம்பாதீர்கள். நான் இப்போது அதே படகில்தான் இருக்கிறேன், அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். மேற்குக் கன்சாஸில் ஒரு சின்ன ஊரில் ஹாஸ்பிடலிஸ்ட் (ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் நோயாளிகளைப் பார்க்கும் டாக்டர்), வேவர் வேலையில் இரண்டாம் வருடம், கணவர் சிட்டிசன். 485-ஐ மூன்று வருடம் முடித்த பிறகுதான் போட முடியும். யாரைக் கல்யாணம் செய்திருந்தாலும் இது மாறாது.

ஜே-1இல் ரெசிடென்சி செய்த எல்லா டாக்டர்களுக்கும் 212(இ) என்ற பிரிவு உண்டு, சொந்த நாட்டுக்குப் போய் இரண்டு வருடம் இருந்துவிட்டுத்தான் எச்-1பி வேலை விசாவோ கிரீன் கார்டோ கேட்கலாம் என்று. கான்ராட் வேவர் அதிலிருந்து விடுவிக்கிறது, ஆனால் 214(எல்) என்ற இன்னொரு பிரிவின் நிபந்தனையோடு: டாக்டர் பற்றாக்குறை உள்ள பகுதியில், எச்-1பி நிலையில், வாரம் 40 மணி நேரம், மூன்று வருடம். வேவர் வந்த 90 நாளுக்குள் வேலையில் சேர வேண்டும். ஒப்பந்தத்தை முடிக்காமல் விட்டால் அந்த இரண்டு வருடம் திரும்பவும் தலைமேல் வந்து உட்காரும், சொந்த நாட்டில் அதைக் கழிக்கும் வரை கிரீன் கார்டும் கேட்க முடியாது, வேறு விசா நிலைக்கு மாறவும் முடியாது. சட்டத்தின் வாசகமே அப்படி. சிட்டிசன் கணவன், சிட்டிசன் மனைவி என்று அங்கே தனி வாசல் எதுவும் இல்லை.

என் கணக்கு: எச்-1பி 2020 ஆகஸ்ட் 3இல் தொடங்கியது, 2023 ஆகஸ்ட் 3இல் மூன்று வருடம் முடிகிறது. அதுவரை 130, 485 எதையும் தொடப் போவதில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

2021 நவம்பர் 15

காலையில் எழுந்து நேற்று எழுதியதைப் படித்தேன். "130, 485 எதையும் தொடப் போவதில்லை" என்றது தப்பு. அது என் பயம், சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 130 என்பது உங்கள் மனைவி தாக்கல் செய்யும் மனு, "இவர் என் கணவர்" என்று. அதற்கும் மூன்று வருடத்துக்கும் தொடர்பே இல்லை. இடையில் எப்போது வேண்டுமானாலும் போடலாம், அங்கீகாரம் வாங்கி வைத்துக்கொள்ளலாம். காத்திருக்க வேண்டியது 485 மட்டும்தான். எச்-1பியில் இருந்துகொண்டே குடியேறும் எண்ணமும் வைத்திருக்கலாம் என்று சட்டமே ஒத்துக்கொள்கிறது, அதனால் எச்-1பிக்கு 130ஆல் கெடுதல் வராது.

ஆனால் நீங்கள் இன்னும் ஜே-1. ஜே-1க்கு அந்தச் சலுகை கிடையாது. 130 போட்டுவிட்டு ரெசிடென்சி முடிவதற்குள் ஊருக்குப் போய் ஜே-1 ஸ்டாம்பிங்குக்குக் கான்சுலேட்டில் நின்றால், "இந்தியாவுக்கே திரும்பி வந்துவிடுவேன்" என்ற உங்கள் பேச்சை அந்த 130 வெட்டிவிடும். எச்-1பிக்கு மாறிய பிறகு போடுங்கள். ஏழெட்டு மாதத்தில் ஒன்றும் கெட்டுவிடாது.

2021 நவம்பர் 15, மதியம்

இங்கே ஒருவர் "என் நண்பருக்கு ஒன்றரை வருடத்தில் கிரீன் கார்டு வந்துவிட்டது, நீங்கள் சும்மா பயமுறுத்துகிறீர்கள்" என்கிறார். வந்திருக்கலாம். கோப்பைப் பார்த்த அதிகாரி வேவர் வகையைக் கவனிக்காமல் விட்டிருக்கலாம். ஆனால் சிட்டிசன்ஷிப்புக்கு விண்ணப்பிக்கும்போது கிரீன் கார்டு வாங்கிய நாளில் உங்களுக்கு அதற்குத் தகுதி இருந்ததா என்று முதலிலிருந்து புரட்டுவார்கள். தகுதி இல்லாமல் வாங்கிய கார்டை வைத்துச் சிட்டிசன்ஷிப் வாங்க முடியாது, சில சமயம் அந்தக் கார்டே கேள்விக்குள்ளாகும். அப்போது உங்களுக்கு வீடு இருக்கும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருக்கும். இன்னொன்று, 214(எல்) மூன்று வருடத்தையும் எச்-1பியில் கழிக்கச் சொல்கிறது, கிரீன் கார்டு வந்த நிமிடத்தில் நீங்கள் எச்-1பியில் இல்லை. அந்த நண்பரை இப்போதே ஒரு நல்ல வக்கீலிடம் காட்டச் சொல்லுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு குழந்தை மருத்துவர் இதே அவசரத்தில் பதினெட்டாம் மாதம் போட்டார். நிராகரித்துவிட்டார்கள். கட்டிய பணம் போனது, அதோடு அடுத்த முறை போடும்போது "முன்பு மறுக்கப்பட்டதா" என்ற கேள்விக்கு ஆம் என்று எழுதி விளக்கமும் வைக்க வேண்டியதாயிற்று.

2021 நவம்பர் 28

கேட்டவர் தனியாக எழுதியிருந்தார், பொதுவில் பதில் சொல்லச் சம்மதித்தார். அவருடைய இரண்டு வயதுப் பெண் குழந்தைக்கு இதயத்தில் பிறவிக் குறை, ஒரு அறுவை சிகிச்சை முடிந்து இன்னொன்று பாக்கி. முதல் நாள் பதிலை எழுதும்போது இதைக் கேட்காமல் விட்டேனே என்று வருத்தமாக இருக்கிறது.

ஏனென்றால் வேவரிலேயே இன்னொரு வகை உண்டு. சிட்டிசனோ கிரீன் கார்டு உள்ளவரோ ஆன மனைவிக்கோ பிள்ளைக்கோ அசாதாரணமான கஷ்டம் வரும் என்று காட்டிக் கேட்பது. ஐ-612 என்ற படிவம், முதலில் குடியேற்றத் துறை பார்க்கும், அப்புறம் வெளியுறவுத் துறையின் கருத்துக்குப் போகும். இரண்டு பக்கமும் நிரூபிக்க வேண்டும்: அவர்கள் உங்களோடு இந்தியா வந்தாலும் அந்தக் கஷ்டம் வரும், உங்களை அனுப்பிவிட்டு இங்கேயே இருந்தாலும் வரும் என்று. வெறும் பிரிவைச் சொன்னால் போதாது. ஆனால் கிடைத்துவிட்டால் இந்த மூன்று வருட ஒப்பந்தமே இல்லை, 485 உடனே போடலாம். சிட்டிசன் மனைவி இருப்பது வேவர் விஷயத்தில் உண்மையிலேயே உதவுகிற இடம் இது ஒன்றுதான். உங்கள் வக்கீல் இதைப் பேசியிருந்தால் அவர் மேல் எனக்கு மரியாதை வந்திருக்கும். சென்னையிலும் வேலூரிலும் குழந்தைகளின் இதய அறுவை சிகிச்சை நன்றாகவே நடக்கிறது என்பதையும் அதிகாரி கேட்பார், அதற்கும் பதில் தயாராக வேண்டும்.

காலம் பிடிக்கும், நிச்சயமும் இல்லை. கையில் இருக்கிற கான்ராட் இடத்தை விட்டுவிட்டு அதன் பின்னால் போகாதீர்கள். ஒரு மாநிலத்துக்கு வருடத்துக்கு 30 இடம், பெரிய மாநிலங்களில் சீக்கிரமே தீர்ந்துவிடுகிறது. கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு, குழந்தையின் கோப்போடு வேறொரு வக்கீலைப் பாருங்கள்.

2022 ஜனவரி 9

ஊருக்குப் போய்விட்டு வந்தேன், இரண்டு வருடத்துக்கு மேல் ஆன பிறகு. போன வருடத்துக் கதையை எழுதிவிடுகிறேன், கேட்டவருக்கும் பயன்படும்.

எனக்கு ஜே-1இலிருந்து எச்-1பி மாற்றம் இங்கேயே நடந்தது. நிலை மாறியது, பாஸ்போர்ட்டில் எச்-1பி ஸ்டாம்ப் இல்லை. அதாவது வெளியே போனால் சென்னைக் கான்சுலேட்டில் ஸ்டாம்ப் வாங்காமல் திரும்ப முடியாது. 2021 பிப்ரவரியில் நீதிமன்றத்தில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம். ஏப்ரல் கடைசியில் திருநெல்வேலியில் அப்பாவுக்குக் கொரோனா, ஆக்சிஜனோடு பதினோரு நாள். மே 4 முதல் இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு அமெரிக்கா தடை போட்டது. சிட்டிசனின் மனைவி என்பதால் அந்தத் தடை எனக்கு இல்லை. அதைப் படித்து ஒரு மணி நேரம் சந்தோஷமாக இருந்தேன். அப்புறம்தான் உறைத்தது: தடை இல்லாவிட்டாலும் ஸ்டாம்ப் வேண்டும், கான்சுலேட்டில் தேதியே கிடைக்கவில்லை. போயிருந்தால் எப்போது திரும்பியிருப்பேன் என்று யாராலும் சொல்ல முடியாது, ஒப்பந்தம் முறிந்திருக்கும். தம்பி வாட்ஸ்அப்பில் ஆக்சிமீட்டரைக் காட்டுவான், 88, 91, மறுபடி 87. நான் இங்கே இன்னொருவருடைய அப்பாவுக்கு ஆக்சிஜன் ஏற்றிக்கொண்டிருப்பேன். அந்தப் பதினோரு நாளில் ஐந்து நாள் எனக்கு ஷிப்ட்.

அப்பா பிழைத்துக்கொண்டார். டிசம்பரில் போய்ப் பார்த்தேன், சட்டைக் காலர் கழுத்தில் தொளதொளவென்று தொங்கியது. ஸ்டாம்பிங் தாமதமாகி என் விடுமுறைக் கணக்குக்கு மேல் இரண்டு வாரம் சம்பளமில்லாமல் இருக்க வேண்டியதாயிற்று.

அதனால் ரெசிடென்சி முடிக்கிற எல்லாருக்கும்: வேவர் வேலையில் சேரும்போது ஸ்டாம்பிங்கை எப்போது முடிப்பது என்று முதல் மாதமே யோசித்துவிடுங்கள்.

2022 ஜனவரி 23

எச்ஆரில் பேசியபோது இரண்டு விஷயம் தெரிந்தது, இரண்டும் நான் முதல் நாள் எழுதிய தேதியைக் குப்புறத் தள்ளுகின்றன.

ஒன்று, மூன்று வருடம் எண்ணத் தொடங்குவது எச்-1பி தாளில் உள்ள தேதியிலிருந்து கிடையாது, உண்மையில் வேலை தொடங்கிய நாளிலிருந்து. தாளில் ஆகஸ்ட் 3. ஆஸ்பத்திரியின் அனுமதிக் காகிதங்கள் முடியாததால் நான் முதல் நோயாளியைப் பார்த்தது ஆகஸ்ட் 17, முதல் பே ஸ்டப்பும் அதையே சொல்கிறது. இரண்டு, என் ஒப்பந்தத்தில் அனுமதித்த விடுமுறைக்கு மேல் எடுத்த நாட்களை முடிவில் சேர்த்து வேலை செய்ய வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. ஆக 2023 ஆகஸ்ட் 16, அதோடு 14 நாள், ஆகஸ்ட் 30.

எச்-1பியோ மூன்று வருடத்துக்குத்தான் தருவார்கள், அது 2023 ஆகஸ்ட் 2இல் தீர்கிறது! மூன்று வருட வேலை முடிவதற்கு நான்கு வாரம் முன்பே விசா முடிந்துவிடும். முன்கூட்டியே நீட்டிப்புக் கேட்காவிட்டால் கரை தெரிகிற இடத்தில் படகு முழுகும். உங்கள் ஒப்பந்தத்தை எடுத்து இந்த இரண்டு தேதியையும் இன்றைக்கே பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பேறுகால விடுப்பு எடுக்கப் போகிறவர்கள் கட்டாயம்.

2022 ஜனவரி 30

"மூன்று வருடம் முடியாமல் யாருமே 485 போட முடியாது" என்ற பொருளில் எழுதியிருந்தேன். ஒரு விதிவிலக்கு உண்டு, சுட்டிக்காட்டிய நெப்ராலஜிஸ்ட்டுக்கு நன்றி. டாக்டர்களுக்கான தேசிய நலன் வழி. பற்றாக்குறைப் பகுதியில் மொத்தம் ஐந்து வருடம் வேலை செய்வதாக ஒப்புக்கொண்டு போடுவது, வேவரின் மூன்று வருடமும் அந்த ஐந்தில் சேரும். அந்த வழியில் வருபவர் வேலை முடியும் முன்பே 485 தாக்கல் செய்யலாம், ஐந்து வருடம் முடிந்த பிறகுதான் கார்டு வரும். ஆனால் 485 உள்ளே இருக்கிறது என்று ஈஏடியில் (485 நிலுவையில் இருக்கும்போது தரும் வேலை அனுமதி) வேலை செய்யத் தொடங்கிவிடக் கூடாது, வேவரின் மூன்று வருடமும் எச்-1பியில்தான் கழிய வேண்டும்.

இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இது பெரும்பாலும் ஏட்டுச் சுரைக்காய். இந்த வழி சேரும் ஈபி-2 என்ற வேலைவழிக் கிரீன் கார்டுப் பிரிவில், இந்தியாவுக்கான வரிசை இந்த மாதம், 2022 ஜனவரியில், 2012இல் மனுப் போட்டவர்களிடம்தான் நிற்கிறது.

இதே இழையில் ஒருவர் கேட்டிருந்தார்: அவர் பிறந்தது கோவை, மனைவி பிறந்தது கொழும்பு, மனைவி எச்-4 (எச்-1பிகாரரின் துணைக்கான விசா). அவருக்கு இது வேலை செய்யும். மனைவி பிறந்த நாட்டின் வரிசையில் நின்றுகொள்ளலாம், இலங்கைக்குத் தனி வரிசைத் தேக்கம் கிடையாது. என் கணவரும் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்தான், சின்ன வயதில் நியூ ஜெர்சிக்கு வந்தவர். அப்படியானால் நீங்களும் அந்த வரிசையில் நிற்கலாமே என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். முடியாது. என்னோடு சேர்ந்து குடியேறப் போகிற கணவராக இருந்தால்தான் அவர் பிறந்த நாடு எனக்கு உதவும். அவர் ஏற்கெனவே சிட்டிசன், அவர் எங்கே குடியேறப் போகிறார்?

மனைவிக்கு அவருடைய கம்பெனி மூலம் கிரீன் கார்டு வந்து, அதில் நீங்கள் துணைவராக ஒட்டிக்கொள்வதானால் இந்த விதிவிலக்கு இல்லை. அவர் தன் 485-ஐப் போடலாம், நீங்கள் மூன்று வருடம் முடியும் வரை காத்திருக்க வேண்டும். மனைவி கிரீன் கார்டு வைத்திருந்து உங்களுக்கு 130 போட்டாலும் அதே காத்திருப்பு, அதற்கு மேல் வரிசையும் வரலாம்.

2022 மார்ச் 20

எங்கள் 130-ஐ அனுப்பியாயிற்று. 535 டாலர்.

2022 அக்டோபர் 2

நீண்ட நாள் எழுதவில்லை. கேட்டவர் ஜூலை 18இல் வேலையில் சேர்ந்துவிட்டார், என் ஊரிலிருந்து இரண்டு மணி நேரம். வீட்டுக்குப் போய் ரசம் சாப்பிட்டேன். குழந்தைக்கு இரண்டாவது அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, மார்பில் கோடு போல ஒரு தழும்பு, அதைத் தொட்டுக் காட்டி "டாக்டர் ஊஊ" என்கிறாள். அதனாலேயே கஷ்ட வேவரைக் கைவிட்டார்கள், உடம்பு தேறிய குழந்தையை வைத்து அந்த வழக்கு நிற்காது என்று புது வக்கீல் சொன்னாராம். அவ்வளவு நல்ல காரணத்துக்காக ஒரு மனு தோற்பதை நான் பார்த்ததில்லை.

இப்போது என் பாடு. எனக்கு ஏழு நாள் வேலை, ஏழு நாள் ஓய்வு. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், ஏழு நாளுக்கு 84 மணி, இரண்டு வாரத்துக்குப் பகிர்ந்தால் வாரம் 42. தேவை 40. கையிருப்பு இரண்டு மணி நேரம்தான். கோடையில் படுக்கைகள் காலியாக இருந்தன, புதிதாக வந்த மேலாளர் "நோயாளி குறைவு, மூன்று மணி நேரம் முன்பே கிளம்புங்கள், அந்த நேரத்துக்குச் சம்பளம் கிடையாது" என்று ஆரம்பித்தார். மற்ற டாக்டர்கள் சந்தோஷமாகப் போனார்கள். இரண்டு நாள் அப்படிப் போனால் எனக்கு 78 மணி, வாரம் 39. நான் போக மாட்டேன் என்றேன். ஒத்துழைப்பதில்லை என்று மேலே சொன்னார். கான்ராட் ஒப்பந்தத்தின் அந்தப் பக்கத்தை நகல் எடுத்து, 40 என்ற எண்ணுக்கு அடியில் கோடு போட்டு மேசையில் வைத்தேன். இரண்டு வாரம் இழுத்துச் சரியானது. ஆஸ்பத்திரியின் கையெழுத்தும் அந்தத் தாளில் இருக்கிறது, இது அவர்களும் கொடுத்த வாக்கு.

சேர்ந்த முதல் நாளிலிருந்து ஒரு கணக்கு நோட்டு வைத்திருக்கிறேன், நீளவாக்கில் சிவப்புக் கோடு போட்டது, பாளையங்கோட்டையில் அப்பாவின் மளிகைக் கடைக்கு வாங்குகிற அதே நோட்டு. தேதி, உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், பார்த்த நோயாளிகளின் எண்ணிக்கை. பெயர் எதுவும் கிடையாது. மேலாளரின் கணக்கில் பத்து மணி என்று இருந்த நாளுக்கு என் நோட்டில் பதின்மூன்று, கணினியில் நான் கடைசிக் குறிப்பு எழுதிய நேரமும் அதற்கு ஒத்துப்போனது. எல்லாரும் ஒரு நோட்டுப் போடுங்கள். செயலி வேண்டாம், வேலையை விட்டால் கணக்கு மூடிவிடும்.

இன்னொன்று, பக்கத்து ஊரில் அவர்களுடைய கிளினிக்குக்கு "வாரம் ஒரு நாள் போய் வாருங்கள்" என்பார்கள். வேவரில் எழுதிய முகவரி எது என்று பார்க்காமல் தலையாட்டாதீர்கள். வேறிடம் என்றால் எச்-1பி திருத்தம், மாநிலச் சுகாதாரத் துறையின் சம்மதம் இரண்டையும் கேளுங்கள். ஆஸ்பத்திரியே மூடிவிடுவது மாதிரியான நிலைமைக்கு வேறு பற்றாக்குறை இடத்துக்கு மாற வழி இருக்கிறது, அதையும் முதலில் எழுதிக் கேட்டுவிட்டுத்தான் நகர வேண்டும்.

2022 அக்டோபர் 3

நேற்று எழுதியதில் கோபம் அதிகம் தெரிகிறது. ஊர் மேல் எனக்குக் கோபமே இல்லை. இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்யும் சோமாலியரும் பர்மாக்காரரும் குவாத்தமாலாக்காரரும், மூன்று தலைமுறையாகக் கோதுமை போடும் கிழவர்களும் ஒரே வார்டில் படுத்திருப்பார்கள். நான் வருவதற்கு முன் இரவில் நெஞ்சுவலி என்றால் ஹெலிகாப்டரைக் கூப்பிட்டுவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்களாம். 1994இல் நார்த் டகோட்டா செனட்டர் கென்ட் கான்ராட் இந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தது இந்த மாதிரி ஊர்களுக்காகத்தான், முதலில் மாநிலத்துக்கு 20 இடம், பிறகு 30. "கிரீன் கார்டு வந்ததும் ஒப்பந்தம் கட்டாது" என்று அந்த வக்கீல் சொன்னாரே, அதில் எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான். அவர் பேச்சில் நோயாளியே இல்லை.

2023 பிப்ரவரி 26

130 அங்கீகாரம் வந்தது. நீட்டிப்புக்கு எச்ஆரை இப்போதே அரிக்கத் தொடங்கிவிட்டேன்.

2023 செப்டம்பர் 6

ஆகஸ்ட் 30 முடிந்தது. நேற்று, தொழிலாளர் தின விடுமுறை முடிந்த மறுநாள், 485-ஐத் தபாலில் சேர்த்தேன். கட்டணம் 1,225 டாலர், ஈஏடிக்கும் பயண அனுமதிக்கும் தனியாகக் கட்ட வேண்டியதில்லை.

உள்ளே வைத்தவை, யாராவது கேட்பதற்குள்: 130 அங்கீகாரம், ஜே-1 கால டிஎஸ்-2019 (ஜே-1 தகுதிச் சான்று) எல்லாம், வேவர் அங்கீகாரம், இரண்டு எச்-1பி அங்கீகாரமும், மூன்று வருட டபிள்யூ-2 (வருடச் சம்பளச் சான்று), முதல் பே ஸ்டப்பும் கடைசிப் பே ஸ்டப்பும், மாநிலச் சுகாதாரத் துறைக்கு அவ்வப்போது அனுப்பிய பணி உறுதிப் படிவங்களின் நகல். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது எச்ஆர் கடிதம். அவர்கள் முதலில் தந்த கடிதத்தில் "2020 ஆகஸ்ட் முதல் பணிபுரிகிறார்" என்று மட்டும் இருந்தது. திருப்பிக் கொடுத்து, தொடங்கிய தேதி, எந்த முகவரியில், வாரம் குறைந்தது 40 மணி, இன்ன தேதியில் மூன்று வருடக் கடமை முடிந்தது என்று எழுதி வாங்கினேன். சம்பளமில்லாத இரண்டு வாரத்தையும் அதை ஈடுகட்டியதையும் சேர்க்கச் சொன்னேன், அதிகாரியே கண்டுபிடித்துக் கேட்பதைவிட நாமே சொல்லிவிடுவது மேல்.

2024 மே 19

நேர்காணல் முடிந்தது, கார்டு அங்கீகாரம் ஆகிவிட்டது.

எனக்கு இருந்த பெரிய பயம் வேவர் பற்றியது கூட இல்லை. மூன்று வருடத்துக்கு மேல் நான் கன்சாஸ், அவர் நியூ ஜெர்சி. நியூவர்க்கிலிருந்து டென்வருக்குப் பறந்து, அங்கிருந்து ஐந்து மணி நேரம் கார் ஓட்டி வருவார், என் ஓய்வு வாரத்தில் நான் அங்கே போவேன். வெளியிலிருந்து பார்த்தால் காகிதக் கல்யாணம் மாதிரியே இருக்கும். சேர்ந்து போட்ட வருமான வரி, கூட்டு வங்கிக் கணக்கு, இன்சூரன்ஸில் வாரிசுப் பெயர், நூற்றுக்கு மேல் விமான டிக்கெட் எல்லாம் தேதி வாரியாகக் கொண்டுபோனேன். மாமியார் மாதாமாதம் அனுப்புகிற வறுத்த யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள் பார்சல்களின் தபால் ரசீதுகளையும் கணவர் ஒரு உறையில் போட்டு வைத்திருந்தார், அனுப்புநர் முகவரி நியூ ஜெர்சி வீடு, பெறுநர் நான். அதிகாரி மற்றதை வேகமாகப் புரட்டினார், அந்த உறையை மட்டும் நிதானமாகப் பார்த்தார்.

அப்புறம் கேட்டார், "ஏன் இவ்வளவு நாள் ஒரே வீட்டில் இல்லை?" கான்ராட் ஒப்பந்தத்தை எடுத்து வைத்தேன். எந்தத் தாள் என்னை மூன்று வருடம் காக்க வைத்ததோ அதே தாள்தான் அந்தக் கேள்விக்குப் பதில். படித்துவிட்டுத் தலையசைத்தார். வேறு கேள்வி இல்லை.

காத்திருந்ததில் ஒரு லாபமும் உண்டு. கார்டு அங்கீகாரமாகும் நாளில் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகாமல் இருந்தால் இரண்டு வருட நிபந்தனைக் கார்டுதான் தருவார்கள், அப்புறம் அந்த நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 என்று இன்னொரு சுற்று. எனக்குக் கல்யாணமாகி மூன்றே கால் வருடம், நேராகப் பத்து வருடக் கார்டு.

மாமியாருக்குப் போன் செய்து சொன்னேன். "அப்ப எப்ப பிள்ளை இஞ்ச வாறீங்கள்?" என்று கேட்டார். பதில் சொல்லவில்லை.

2024 மே 20

மூன்று வருடத்தில் சிட்டிசன்ஷிப் கிடைக்குமே என்கிறார்கள். சிட்டிசன் துணையோடு சேர்ந்து வாழ்ந்த மூன்று வருடம் என்பதுதான் அங்கே நிபந்தனை. வேலைக்காகத் தனித்தனி ஊரில் இருந்த காலத்தை அதில் எண்ண முடியுமா என்று வக்கீலிடம் கேட்காமல் போடாதீர்கள், ஐந்து வருட வழி எப்போதும் இருக்கிறது.

2025 ஆகஸ்ட் 3

கேட்டவருக்கு ஜூலையில் மூன்று வருடம் முடிந்தது. போன வாரம் 485 அனுப்பிவிட்டார். நான் 2023இல் எழுதியதை அப்படியே பின்பற்றாதீர்கள், சில மாறிவிட்டன. 2024 ஏப்ரல் முதல் கட்டணம் 1,440, ஈஏடிக்குத் தனியாகக் கட்ட வேண்டும். 2024 டிசம்பர் முதல் மருத்துவப் பரிசோதனைப் படிவத்தை 485 உடனேயே வைக்க வேண்டும், பிறகு கொடுக்கலாம் என்பது போய்விட்டது. நாம் டாக்டராக இருந்தாலும் அந்தப் பரிசோதனைக்கு அவர்கள் நியமித்த டாக்டரிடம்தான் போக வேண்டும், கிராமத்தில் இருப்பவர்கள் முன்னதாகவே தேதி வாங்குங்கள்.

அவரும் ஒரு நோட்டு வைத்திருந்தார். கடைசிப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினார்: ஜூலை 17, காலை 6.50, இரவு 7.35, பதினாறு நோயாளிகள். அடியில் மகள் ஒரு பூனை வரைந்திருக்கிறாள். ஆஸ்பத்திரி இன்னும் இரண்டு வருடத்துக்குக் கேட்டிருக்கிறது, யோசிக்கிறாராம்.

என்னையும் கேட்கிறார்கள், எப்போது நியூ ஜெர்சி என்று. கணவர் போன அக்டோபரில் இங்கே வந்துவிட்டார், வீட்டிலிருந்தே வேலை. மாமியார் அறுவடை பார்க்க வந்து ஒரு மாதம் இருந்தார். மிளகாய்த்தூளைக் கையோடு கொண்டுவந்தார், இந்த முறை ரசீது இல்லை.